வேர் விட்ட விருந்தாளி

நொச்சிப்புதூரில் முப்பத்திரண்டு வீடு, ஒரு மாகாளியம்மன் கோயில், ஒரு பால் சொசைட்டி, நாளைக்கு இரண்டு தடவை வருகிற ஒரு பஸ், அப்புறம் சம்பூர்ணத்தின் கை. இந்த ஐந்தில் ஓயாமல் வேலை செய்தது கடைசியாகச் சொன்னதுதான். தாராபுரம் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற முக்கில் முதல் வீடு அவளுடையது. அதனால் தபால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், மாட்டு டாக்டர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், வழி தவறி வருகிறவர் எல்லாரும் அவள் நீட்டுகிற சொம்பைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். வெறும் தண்ணீரோடு தப்பித்தவர்கள் கம்மி, தண்ணீருக்குப் பின்னால் மோர் வரும், மோருக்குப் பின்னால் "ரெண்டு வாய் சோறு உண்டுட்டுப் போங்க" வரும், அதையும் மறுத்துவிட்டு நடந்த ஆள் இதுவரை பிறக்கவில்லை.

கொடுப்பதில் அந்த ஊரே ஒரு மாதிரிதான். அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம், ஒரு பிடி அரிசியோ நாலு கறிவேப்பிலையோ போட்டுத் தருவார்கள். நொச்சிப்புதூரில் அது வழக்கம் இல்லை, பந்தயம். எதிர்வீட்டு மயிலாத்தாள் ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு கொடுத்துவிட்டால் அந்தக் கிண்ணம் அரை மணியில் சம்பூர்ணத்தின் வீட்டிலிருந்து வெல்லக் கச்சாயத்தோடு திரும்பி வரும், மயிலா விடாமல் முருங்கைக்காய் வைத்தால் அது எருமைத் தயிரோடு திரும்பி வரும், ஓர் ஐப்பசி மாதத்தில் ஒரே கிண்ணம் ஒரே நாளில் பதினோரு தடவை தெருவைக் கடந்தது, பன்னிரண்டாவது தடவைக்கு மயிலாவின் வீட்டில் போட்டுக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அன்றோடு மயிலா அந்தக் கிண்ணப் பந்தயத்தை நிறுத்திவிட்டாள். ஜெயிக்க முடியாத ஆளிடம் எத்தனை நாள்தான் தோற்பது?

சம்பூர்ணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்பது வருசத்துக்கு முன்னால் புருசன் போய்ச் சேர்ந்தபோது பதினாறு நாளும் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஊர்தான் சோறு போட்டது. அந்தப் பதினாறு நாளும் தன் இலையில் விழுந்த ஒவ்வொரு கரண்டியிலும் "ஐயோ பாவம்" என்பதும் சேர்ந்து விழுவதை அவள் பார்த்தாள். இனிமேல் செத்தாலும் இலைக்குப் பின்னால் உட்கார மாட்டேன், கரண்டிக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று பதினேழாம் நாள் முடிவு செய்தாள். அதன் பிறகு அவள் யாரிடமும் ஒரு கல் உப்புக்கூடக் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மொபெட் வந்தது. முன்னால் ஒலிபெருக்கி, பின்னால் தகரப் பெட்டி, நடுவில் சேவுகன். "கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்சி ரிப்பேர், குக்கர் விசில் அடிக்கலையா, அடுப்பு நீலமா எரியலையா" என்று ஒலிபெருக்கி பாடிக்கொண்டே வந்தது. சேவுகன் சிங்கம்புணரிப் பக்கத்துக்காரன், வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, ஊர் ஊராகப் போய் அடுப்பைச் சரி செய்து, கிடைத்த இடத்தில் தானே பொங்கித் தின்று, பெட்ரோல் பங்கில் படுத்து எழுகிறவன். சொம்பு நீண்டது. குடித்தான். மோர் வந்தது. குடித்தான். வீட்டு முன்னாலிருந்த வேம்பின் அடியில் நின்றபடியே அரிசிம்பருப்புச் சோறு ஒரு தட்டு, ரசத்தோடு ஒரு தட்டு, தயிரோடு ஒரு தட்டு சாப்பிட்டான், போதும்க்கா போதும்க்கா என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் இன்னொரு கரண்டி விழுந்தது. கை கழுவிவிட்டு மொபெட்டை நோக்கித் திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

"அக்கா, காலு வரமாட்டேங்குது."

சம்பூர்ணம் குனிந்து பார்த்தாள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு, முளைவிட்ட பச்சைப்பயறின் நிறத்தில், நூல் நூலாக வேர் இறங்கியிருந்தது.

"வேர் உட்டுருச்சுங்க," என்றாள். "நின்னுட்டு உண்டா அப்புடித்தான். உக்காருங்கன்னு சொன்னனில்லைங்க?"

அடுத்த பத்து நிமிசத்தில் ஊர் கூடிவிட்டது. ஆளுக்கு வேர் விடுமா விடாதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, என்ன வேர் என்பதில்தான் சண்டை. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து மண்டியிட்டுப் பார்த்து, கிள்ளி மோந்து, இது வேப்ப வேர்தான், வேப்ப மரத்தடியில் நின்றால் வேறென்ன விடும் என்றார். மயிலா, "வெள்ளையா இருக்குது பாருங்க, இது ஆலவேருங்க" என்றாள். கடப்பாரை வந்தது, ஒரு குத்துக்கு சேவுகன் போட்ட கூப்பாட்டில் கோயில் புறா எல்லாம் பறந்தது, கடப்பாரை திரும்பிப் போனது. அப்புறம் ஊர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. கல்யாண வீட்டுக்குப் போடுகிற தென்னங்கீற்றுப் பந்தலை வேம்போடு சேர்த்துக் கட்டினார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், காற்றுக்கு வயர் இழுத்து ஒரு டேபிள் பேன் வைத்தார்கள், மறைப்புக்கு நாலு பக்கமும் சாக்குப் படுதா தைத்தார்கள். நாச்சிமுத்து ஒரு கூடை எருவைக் கொண்டுவந்து காலடியில் கொட்டப் போனபோது மட்டும் சம்பூர்ணம் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, கிளம்போணும்ங்கற ஆளுக்கு எரு வெக்கறீங்களே!"

"அட, வாட்டமா இருக்குதேன்னு பாத்தனுங்க."

எருவைத்தான் தடுக்க முடிந்தது, சோற்றைத் தடுக்க முடியுமா? ஒரே நாளில் முப்பத்திரண்டு வீட்டுப் பாத்திரமும் பந்தலுக்கு வந்தது, கம்மஞ்சோறு வந்தது, கோழிக் குழம்பு வந்தது, பணியாரம் வந்தது, பக்கத்து ஊர்களுக்குச் செய்தி போய் அங்கிருந்தும் டிபன் கேரியர் வந்தது, பஸ் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார், பயணிகள் ஜன்னல் வழியாக மிக்சர் பொட்டலம் நீட்டினார்கள். ஊருக்கே மாகாளியம்மன் பொங்கல் ஒரு மாதம் முன்னால் வந்த மாதிரி ஒரே குதூகலம். புதன் சாயங்காலம் நூலாக இருந்த வேர் வியாழன் காலையில் பென்சில் கனத்துக்கு வந்தது, மத்தியானம் சேவுகன் கணுக்கால் வரை மண்ணுக்குள் போயிருந்தான்.

அன்று மூன்று மணிக்குத்தான் அவன் அழுதான். பணியாரம் கொண்டுபோன சம்பூர்ணம் பதறிப்போய் என்னவென்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் நான்தான் என்றான் அவன். தங்கச்சி அழகுமீனாள் அவனோடு பேசி ஏழு வருசம் ஆகிறது. அவள் கல்யாணத்துக்கு இவன் போகவில்லை, மாப்பிள்ளையைப் பிடிக்காமல் வீம்புக்கு இருந்துவிட்டு, பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான். ஏழு வருசம் கழித்துப் போன வாரம்தான் அவளே கூப்பிட்டு, வா அண்ணே என்றிருக்கிறாள்.

"கூப்புட்டுச் சொல்லுங்க சாமி, உண்மையச் சொன்னா நம்பாமயா போயிருவாங்க?" என்றாள் சம்பூர்ணம்.

அவன் கூப்பிட்டான். ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அழகு, அண்ணன் பேசுறேன்த்தா. ஒரு ஊருல மாட்டிக்கிட்டேன். காலுல வேர் விட்ருச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து அழகுமீனாளின் குரல் வெடுக்கென்று வந்தது.

"அன்னைக்கி பஸ்ஸு கெடைக்கலன்ன. இன்னைக்கி வேரா? நல்லா இருக்குண்ணே. பத்தரைக்கி முகூர்த்தம். நீ வந்தா ஓம் மடி. வராட்டி இவுக சித்தப்பா மகன் மடியில ஒக்கார வச்சுக் குத்திருவோம். அதுக்கப்பறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தன் பொறக்கவே இல்லன்னு நெனச்சுக்கிறேன்."

போன் அணைந்தது. நாச்சிமுத்துவுக்கு உடனே ஒரு யோசனை, ரெண்டு வேன் அனுப்பி அவர்கள் சொந்தபந்தம் அத்தனை பேரையும் இங்கே கூட்டிவந்துவிடலாம், சாப்பாடு நம்முடையது என்றார். முடியாது என்று சேவுகன் தலையாட்டினான். "கொலசாமி கோயில்லதான் குத்தணும்ண்ணே. சாமிய வேன்ல ஏத்த முடியுமா?"

சம்பூர்ணம் பணியாரத் தட்டோடு நின்றாள். ஒரு மனுசன் முதல் தடவை பொய் சொன்னான், நம்பவில்லை. இப்போது உண்மை சொல்கிறான், அதையும் நம்பவில்லை. அந்த உண்மை தன் வீட்டு வாசலில், தன் சோற்றைத் தின்றுதான் முளைத்தது. என்ன செய்வதென்று தெரியாததால் தட்டில் இன்னும் நாலு பணியாரம் வைத்தாள். வேர் இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது, அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது மயிலாதான், அதுவும் வெள்ளிக்கிழமை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சேவுகன் பந்தலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அடுப்பு குக்கர் இருந்தால் கொண்டாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தான், மயிலா தன் குக்கரைக் கொடுத்தாள், அவன் வாஷரை மாற்றி விசிலைச் சுத்தம் செய்து நீட்டிய அதே நேரம் மத்தியான பஸ் ஹாரன் அடித்தது, கொழிஞ்சிவாடி ஊரில் அவள் அண்ணன் மகளுக்குப் பேறுகாலம், குக்கரை வாங்கி மடியில் இடுக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காமல் ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் 'சொடக்' என்று ஒரு சத்தம். பஸ் படியில் ஒரு காலோடு திரும்பிப் பார்த்தாள். சேவுகனின் இடது கால் கட்டைவிரல் மண்ணுக்கு மேலே வந்திருந்தது.

அவள் பஸ்ஸை அனுப்பிவிட்டாள். பிள்ளை எப்படியும் பிறக்கும். பந்தலுக்குத் திரும்பி வந்து, தன் குற்ற உணர்ச்சிக்கு ஒரு முறுக்கை எடுத்து அவன் கையில் வைத்தாள், கட்டைவிரல் உள்ளே போனது. முறுக்கைப் பிடுங்கினாள். இந்தத் தடவை வராது என்று நினைத்தாள், ஆனால் விரல் கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே வந்தது.

"அய்யோ சாமி!" என்று மயிலா தெருவைப் பார்த்துக் கத்தினாள். "குடுத்துக் குடுத்து நாமதான் இந்த மனுசன நட்டு வெச்சிருக்கறமுங்க! இனி அவருகிட்ட வாங்கோணும்! வாங்கிட்டுச் சும்மா போகோணும்!"

சொல்வது சுலபம். சனிக்கிழமை காலையில் ஊரில் இருந்த ஓடாத மிக்சி, ஊமைக் குக்கர், மஞ்சளாக எரிகிற அடுப்பு, நின்றுபோன பேன், பத்து வருசமாகப் பரணில் கிடந்த கிரைண்டர் எல்லாம் வரிசையாகப் பந்தலுக்கு வந்தன. சேவுகன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருப்புளியைச் சுழற்றினான். ஒவ்வொன்றாகச் சரியானது, ஒவ்வொருத்தராக வாங்கிக்கொண்டு போனார்கள், ஆனால் போனதுதான் அந்த ஊர் தன் வாழ்நாளில் செய்த கஷ்டமான வேலை. சரியான பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராமல் திரும்பி நடக்க அந்தக் கால்களுக்குப் பழக்கமில்லை. ஒருத்தி கையை முந்தானையால் கட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் பொருளை வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார், ஓடிப்போய்க் கோயில் சுவரில் முட்டிக்கொண்டார். நாச்சிமுத்து தன் மிக்சியை வாங்கி மூன்றடி நடந்தார், நின்றார், நெற்றி வேர்த்தது, திடீரென்று திரும்பி ஓடிவந்து சட்டைப் பையிலிருந்த ஒரு வெல்லக்கட்டியைச் சேவுகன் வாயில் திணித்துவிட்டார். வேர் இரண்டு விரல்கடை இறங்கியது. ஊரே அவரைப் பார்த்துக் கத்தியது.

"என்னால முடியலீங்க," என்றார் நாச்சிமுத்து, அழாத குறையாக. "வெறுங்கையோட எப்புடீங்க திரும்பறது?"

"பழகிக்கோங்க!" என்றாள் மயிலா.

பழகினார்கள். பத்து மணிக்கு மேல் ஊருக்கு அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. வாங்கிக்கொண்டு சும்மா போகிறவர்களுக்குக் கைதட்டினார்கள், 'சொடக்', 'சொடக்' என்று வேர் விடுபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் குலவை போட்டார்கள், பொருளில்லாதவர்கள் வேறு எதையாவது கேட்டு வாங்கினார்கள், ஒருத்திக்கு அவன் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான், ஒருத்தருக்குப் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான், சொசைட்டிக்காரருக்குச் சிங்கம்புணரிப் பக்கத்துத் தெம்மாங்கு ஒன்று பாடிக் காட்டினான், அதுவும் சொடக். பொழுது சாய்வதற்குள் இடது கால் முழுசாக வெளியே வந்துவிட்டது. வலது காலில் குதிகாலுக்கு நேர் கீழே ஒரே ஒரு வேர்தான் மிச்சம், ஆனால் அது முருங்கைக்காய்க் கனத்தில் நேராகக் கீழே இறங்கியிருந்தது.

"ஆணிவேருங்க," என்றார் நாச்சிமுத்து. "மொதல்ல உட்டது."

முதலில் விட்டது யார் சொம்பில் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள்.

சம்பூர்ணத்தின் வீட்டில் கெட்டுப்போன பொருள் ஒன்றுகூட இல்லை. அவள் அந்த மாதிரி ஆள். அடுப்பு நீலமாக எரியும், குக்கர் ஊர்க்கோடிக்குக் கேட்க விசில் அடிக்கும், கொடியில் கிளிப்கூட உடைந்திருக்காது. அவள் உள்ளே போனாள், ஒரு சத்தம் கேட்டது, விரிசல் விட்ட மிக்சி ஜாரோடு வெளியே வந்தாள். சேவுகன் வாங்கி, பசை போட்டு ஒட்டிக் கொடுத்தான். வேர் அசையவில்லை.

"இது ஒடைஞ்சதில்லக்கா," என்றான் மெதுவாக. "ஒடைச்சது."

கூட்டம் ஒவ்வொருத்தராகக் கலைந்தது. மயிலா மட்டும் நின்றாள். ஒன்பது வருசமாக அடக்கி வைத்தது அன்றைக்கு அவள் வாயில் வந்துவிட்டது.

"ஏனுங்க்கா, நீங்க குடுக்கறத நாங்க வாங்கோணும், நாங்க குடுக்கறது மட்டும் உங்க ஊட்டுப் படியேறக் கூடாது. அப்ப நாங்கெல்லாம் உங்குளுக்கு ஆருங்க? உங்க வாசல்ல தண்ணி குடிக்க வந்த ஆளுங்களா? போன மாசம் உங்குளுக்குக் காச்சல்னு தெரிஞ்சு கஞ்சி வெச்சு வாசல்ல நின்னுட்டு இருந்தேன். எந்திரிச்சு வந்து எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தீங்க. நூத்தி ரெண்டு டிகிரி காச்சலோட."

"காப்பி குடிச்சியில்ல?" என்றாள் சம்பூர்ணம்.

"குடிச்சேன். அந்தக் கஞ்சிய ஊட்டுல போய் அழுதுட்டே நானே குடிச்சேன்."

மயிலா போய்விட்டாள். சம்பூர்ணத்துக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தான் கொடுத்ததெல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்திருந்தாள், அதில் ஒரு கதவு சாத்தியிருந்தது இப்போதுதான் தெரிந்தது. தெரிந்தால் மட்டும் போதுமா, திறப்பது எப்படி?

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எருமை கறந்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது பந்தலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சேவுகன் மொபெட்டின் பெட்டியிலிருந்து தன் சின்னக் கேஸ் அடுப்பை எடுத்து வைத்து, தன் பையிலிருந்த அரிசியைத் தன் சட்டியில் போட்டுப் பொங்கி, பக்கத்தில் பூண்டுக் குழம்பு கொதிக்க விட்டிருந்தான். வலது கால் மண்ணில் இருக்க, இடது கால் எட்டுகிற தூரம் வரை பெருக்கி, தண்ணீர் தெளித்து, பந்தலில் கட்டியிருந்த வாழையிலிருந்து ஓர் இலையை அறுத்துப் போட்டிருந்தான்.

"உக்காருங்கக்கா."

"எதுக்குங்க?"

"நாலு நாளா ஒங்க வீட்டப் பாத்துக்கிட்டே நட்டமா நிக்கிறேன். நீங்க மூணு வேளையும் சட்டிய வழிச்சு நின்னுக்கிட்டே திங்கிறீக. ஒருநா ஒரு பொழுது நீங்க உக்காந்து நான் பாக்கல. எனக்கு ஒடைஞ்சதச் சரி பண்ணத்தான் தெரியும்க்கா. உக்காருங்க. நேரமில்ல, நூத்தம்பது கிலோமீட்டரு போகணும்."

தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. சம்பூர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கியபோது பதினாறு நாளும் ஞாபகம் வந்தது, எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. முதல் கரண்டி விழுந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்று அந்த முகத்தில் எங்கேயும் எழுதியில்லை, உப்பு சரியாக இருக்குமா என்ற கவலைதான் இருந்தது.

அவள் வேகவேகமாக அள்ளிச் சாப்பிட்டாள், மருந்து குடிக்கிற மாதிரி, அவனை அனுப்பியாக வேண்டும் என்று. வேர் நெறுநெறுவென்றது, பாதி வந்தது, நின்றுவிட்டது. ஆறு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"வரலக்கா," என்றான் சேவுகன்.

அவளுக்குப் புரிந்தது. இந்தச் சோற்றையும் அவள் அவனுக்காகத்தான் தின்றுகொண்டிருந்தாள். இதுவும் கொடுப்பதுதான், சுத்தி வளைத்து. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், அவள் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு, முதல் தடவையாக மென்றாள்.

குழம்பு நன்றாக இருந்தது. பூண்டு வெண்ணெயாக வெந்திருந்தது, புளிப்பு கொஞ்சம் தூக்கல், அடியில் எங்கேயோ வெந்தயம் லேசாகக் கருகியிருந்தது, அந்தக் கருகலும் நன்றாகத்தான் இருந்தது. சோறு சுட்டது. சுடச்சுடச் சோறு தின்று எத்தனை காலம்! எல்லாருக்கும் போட்டு, எல்லாரும் போன பிறகு ஆறிப்போனதைத் தின்ற வாய் அது. திடீரென்று பசித்தது, ஒரு நாள் பசி இல்லை, ஒன்பது வருசத்துப் பசி, அது ஒரே மூச்சில் எழுந்து வந்து இலையில் உட்கார்ந்தது. அவளுக்குச் சேவுகன் மறந்துபோனான், மணி மறந்துபோனது, தெருவெல்லாம் நிற்கிற ஊர் மறந்துபோனது, இலையில் இருந்ததெல்லாம் தீர்ந்து விரலை வழித்தபோதும் பசி அடங்கவில்லை. நிமிர்ந்தாள்.

"இன்னொரு கரண்டி போடுங்க," என்றாள். "கொழம்பு நெறையா."

சொடக் என்று கேட்கவில்லை. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம், வேப்ப மரம் ஒரு தடவை குலுங்கியது, பழுத்த இலையெல்லாம் பொலபொலவென்று கொட்டியது, சேவுகன் இரண்டு காலோடும் பந்தலின் மறுபக்கம் போய் விழுந்தான். விழுந்தவன் எழுந்தான், முதல் வேலையாகத் திரும்பி வந்து, கேட்ட கரண்டியைப் போட்டான், குழம்பை நிறைய ஊற்றினான். அப்புறம்தான் மொபெட்டை உதைத்தான்.

விருந்தாளி கிளம்பும்போது எழுந்து வாசலைத் தாண்டி வந்து வழியனுப்புவது அந்த ஊரில் சாஸ்திரம். சம்பூர்ணம் எழுந்திருக்கவில்லை. எச்சில் கையோடு தலையை மட்டும் ஆட்டினாள். முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் தெருவின் இரு பக்கமும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், வழிக்குப் புளிச்சோறு கட்டி வைத்திருந்த நாச்சிமுத்துவின் மனைவி பொட்டலத்தை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள், மொபெட் அவர்களுக்கு நடுவே, ஒன்றும் வாங்காமல், "கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர்" என்று கத்திக்கொண்டே பறந்தது, அதை நிறுத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. சித்தப்பா மகன் மடியை விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு அழகுமீனாள் வெளியே ஓடிவந்தாள், அண்ணனின் வலது குதிகாலில் ஒரு முழம் வேர் தொங்குவதைப் பார்த்தாள், "நெசமாவாண்ணே" என்று அங்கேயே தெருவில் உட்கார்ந்து அழுதாள், அதற்குள் பிள்ளை மாமன் மடியில் ஏறி அவன் வேட்டியை நனைத்துவிட்டது.

ஆனால் அது இன்னும் நாலு மணி நேரம் கழித்து நடந்தது. நொச்சிப்புதூரில் மணி இப்போது ஆறு பத்துதான், மொபெட் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை, சம்பூர்ணம் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. சட்டியில் மிச்சமிருந்த சோற்றைத் தானே எட்டிப் போட்டுக்கொண்டாள். குழம்பு தீர்ந்திருந்தது. எதிர்வாசலைப் பார்த்தாள். மயிலா அங்கேதான் நின்றாள், நேற்றைய கோபம் இருக்கிறதா போய்விட்டதா என்று அவளுக்கே தெரியாத முகத்தோடு.

"மயிலா," என்று சம்பூர்ணம் கூப்பிட்டாள். "ரசம் இருந்தாக் கொஞ்சம் கொண்டா புள்ளே."

காலை ஆறு மணிக்கு யார் வீட்டில் ரசம் இருக்கும்? இல்லை என்று சொல்லவா முடியும்? "இருக்குதுங்க்கா, இதா வந்தர்றேன், எந்திரிச்சரப்படாது!" என்று மயிலா கத்திவிட்டு உள்ளே ஓடினாள், அடுப்பைப் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது, மிளகு தட்டுகிற சத்தம் கேட்டது, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் தட்டினார்கள், அதற்குப் பக்கத்தில் தட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் முப்பத்தொரு வீட்டிலும் மிளகும் சீரகமும் இடிபடுகிற சத்தம் தெரு நெடுக ஓடியது. கொத்தமல்லி வாசம் வந்தது. சம்பூர்ணத்தின் கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது, இடது கையால் துடைத்துக்கொண்டாள். சோற்றில் நடுவே ரசத்துக்கு ஒரு குழி பறித்து வைத்துக்கொண்டு, வலது கை காயக் காய, சம்பூர்ணம் இலையை விட்டு எழாமல் காத்துக்கொண்டிருந்தாள்.